நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் ஓடிய கார்

சக்கரத்தைக் கண்டுபிடித்ததால்தான் மனிதன் முன்னேறினான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே இப்படித்தான் தவறான வழியில் திருப்பிவிடுகிறார்கள். சக்கரம் என்ன செய்யும்? உருளும். சரிவு இருந்தால் கூழாங்கல்கூட உருளும். ஆனால் அது எதற்காக உருண்டது, யாருடைய அனுமதியின் பேரில் உருண்டது, எங்கே போய் நின்றது, நின்றதற்கு யார் பொறுப்பு என்றெல்லாம் எழுதி, பக்க எண் போட்டு, ஓரத்தில் துளையிட்டு, நாடா கோத்துக் கட்டிவைத்தானே ஒருவன், அவனால்தான் உலகம் முன்னேறியது. அவன் கண்டுபிடித்ததற்குப் பெயர் கோப்பு.

நான் அந்த மகானின் வழியில் வந்தவன். ஒரு பெரிய துறையின் தலைமை அலுவலகத்தில் கொள்முதல் பிரிவின் கண்காணிப்பாளர். குண்டூசியிலிருந்து ஜெனரேட்டர் வரை வாங்குவதும், பழையதைக் கழிப்பதும் என் மேஜை வழியாகத்தான் நடக்கும். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு பொருளைக்கூட நான் கண்ணால் பார்த்து வாங்கியதில்லை. கண் ஏமாறும். கோப்பு ஏமாறாது.

ஆகவே எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய கார் தேவைப்பட்டபோது, அந்தப் பொறுப்பு மிகச் சரியான கைகளில் வந்து சேர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

தேவை என் மனைவிக்கு. அவள் பிசியோதெரபிஸ்ட். ஆறு ஆண்டுகள் தற்காலிக வேலையில், இன்றைக்கு உண்டா நாளைக்கு உண்டா என்று தெரியாமல், ஊரில் உள்ள முழங்கால்களையும் தோள்பட்டைகளையும் மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் நிரந்தர வேலைக்கான உத்தரவு வந்தது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மருத்துவமனை. முதல் தேதி காலை எட்டு மணிக்குள் நேரில் வந்து பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்தவருக்கு வேலை போய்விடும் என்று உத்தரவில் தடித்த எழுத்தில் இருந்தது. முதல் பஸ் அங்கே போய்ச் சேருவது ஒன்பதே காலுக்கு. கடைசி பஸ் திரும்புவது அவள் வேலை முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். கார் இல்லாவிட்டால் வேலை இல்லை.

"பத்து வாரம் இருக்குங்க," என்றாள், உத்தரவைத் திரும்பத் திரும்ப மடித்துப் பிரித்தபடி. "நம்ம கையில இருக்கிற பணத்துக்கு நல்லதா ஒரு பழைய கார் போதும். ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்துட்டு வந்துடலாமா?"

எங்கள் கையில் இருந்த தொகைக்குப் புதுக் காரின் நான்கு சக்கரமும் ஒரு கதவும் கிடைத்திருக்கும். இவ்வளவு அரிய தொகையை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செலவழிப்பதா? நான் உடனே 'குடும்ப வாகனத் தேர்வுக் குழு'வை அமைத்தேன்.

தலைவர் நான். உறுப்பினர்கள் இருவர். ஒருவர் என் சித்தப்பா. ஆவணக் காப்பறையில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி, தூசியைத் தவிர வேறெதையும் வீட்டுக்கு எடுத்துவராமல் ஓய்வு பெற்றவர். இன்னொருவர் என் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி. 'தொழில்நுட்ப உறுப்பினர்'. செல்போனில் கார் விமர்சன வீடியோக்களை இரண்டு ஆண்டுகளாக ஒன்றுவிடாமல் பார்த்து வருபவன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் "டார்க் எவ்வளவு?" என்பான். டார்க் என்றால் என்ன என்று கேட்டால் மட்டும் தூங்கிவிடுவான்.

முதல் கூட்டம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்தது. மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ குழுவுல இல்லம்மா," என்றேன்.

"ஓட்டப் போறது நான்தானே?"

"அதனாலதான். நீ பயனாளி. பயனாளி குழுவுல இருந்தா நடுநிலைமை கெட்டுடும்."

அவள் எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்தாள். "உங்க மூணு பேர்ல யாருக்குக் கார் ஓட்டத் தெரியும்?"

யாருக்கும் தெரியாது.

"அப்ப, கார் ஓட்டத் தெரியாத மூணு பேர் சேர்ந்து எனக்குக் கார் வாங்கப் போறீங்க."

"அதுதாம்மா நடுநிலைமை," என்றார் சித்தப்பா கனிவாக.

மூன்று வாரங்களில் மதிப்பெண் பட்டியல் தயாராகிவிட்டது. மொத்தம் நூறு. எஞ்சினுக்கு ஐந்து, பிரேக்குக்கு ஐந்து, டயருக்கு ஐந்து, தோற்றத்துக்குப் பத்து, மைத்துனனின் மனம் கோணக்கூடாது என்பதற்காக டார்க்குக்குப் பத்து, இருக்கை முதலிய இதரவற்றுக்கு ஐந்து. மீதி அறுபதும் ஆவணங்களுக்கு. இதில் ஒரு நியாயம் இருந்தது. எஞ்சினைத் திறந்து பார்க்க எங்களில் யாருக்கும் தெரியாது. கோப்பைத் திறக்க எல்லோருக்கும் தெரியும்.

நான்காம் வாரம் முதல் கார் வந்தது. கொண்டுவந்தவர் ஒரு மெக்கானிக். அவருடைய வலது தோள் ஒரு காலத்தில் காதுவரைகூட உயராமல் இருந்தது. என் மனைவிதான் மூன்று மாதம் போராடி அதை உயர்த்திவிட்டாள். அந்த நன்றியில் அவளைத் 'தங்கச்சி' என்பார்.

சின்ன நீல நிறக் கார். பத்து வயது. ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை ஒருவருடையது. அவரும் கூடவே வந்திருந்தார். மெக்கானிக் முதலில் போனட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"குளிர்ந்து இருக்கு. இப்படி இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும் தங்கச்சி. சூடாக்கி வச்சுட்டுக் கூப்பிடறவனை நம்பாதீங்க."

ஸ்டார்ட் செய்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். புகைக்குழாயின் பின்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தார். எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்தார். வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து, அரை மணி நேரம் கழித்து எடுத்துக் காட்டினார். ஒரு சொட்டுக்கூட இல்லை. பிறகு சாவியை என் மனைவியிடம் கொடுத்தார். அவள் தெருவை இரண்டு முறை சுற்றிவிட்டு வந்து இறங்கினாள். அந்த முகத்தை நான் கடைசியாகப் பார்த்தது, எங்கள் முதல் வாடகை வீட்டின் மொட்டை மாடிக் கதவைத் திறந்த அன்றைக்கு.

"எடுத்துக்கலாங்க," என்றாள்.

ஆனால் குழு முகத்தைப் பார்த்து மயங்கும் குழு அல்ல. "ஆவணங்கள்?" என்றார் சித்தப்பா.

ஆசிரியை உள்ளே வந்து, கைப்பையிலிருந்து மூன்றை எடுத்து மேஜையில் வைத்தார். பதிவுப் புத்தகம். காப்பீடு. ஒரு ஓவிய நோட்டு. நோட்டில் எந்தத் தேதியில் எண்ணெய் மாற்றினார், எப்போது டயர் மாற்றினார் என்று குறித்திருந்தார்.

"பென்சில்!" சித்தப்பாவின் குரல் நடுங்கியது. "இதை யாராவது அழிச்சுட்டா?"

"யார் சார் அழிப்பாங்க? என் நோட்டுதானே?"

"இது என்ன? பூனையா?"

"ஆமா சார். பிரேக் மாத்தின அன்னைக்கு ஒரு பூனை குறுக்க ஓடிச்சு. வண்டி சட்டுனு நின்னுடுச்சு. அந்தச் சந்தோஷத்துல வரைஞ்சேன்."

"பூனை பிழைச்சதுக்கு ஆதாரம் இருக்கா?"

ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் தலைவர் என்ற முறையில் கூரையைப் பார்த்தேன். மைத்துனன் டார்க் எவ்வளவு என்று கேட்டான். "அப்படின்னா?" என்றார் ஆசிரியை. அந்தத் தலைப்பிலும் பூஜ்யம்.

மொத்தம் முப்பத்தோரு மதிப்பெண். நிராகரிக்கப்பட்டது. மெக்கானிக் அட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நல்ல வண்டி சார்," என்று மட்டும் சொன்னார். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததை 'ஏகமனதான முடிவு' என்று நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்தேன்.

அடுத்த நான்கு வாரங்களில் பதினோரு கார்களைப் பார்த்தோம். பார்த்தோம் என்பது ஒரு பேச்சுக்கு. கார்கள் தெருவில் நின்றன, நாங்கள் உள்ளே உட்கார்ந்து காகிதம் கேட்டோம். எதிலும் தேறவில்லை. மனைவி காலண்டரில் நாட்களை அடித்துக்கொண்டே வந்தாள். இரவு படுக்கும்போது, "அந்த வேலை எனக்கு எவ்வளவு முக்கியம்னு தெரியும்ல?" என்று ஒரு நாள் கேட்டாள். "அதனாலதான் அவசரப்படல," என்றேன். எவ்வளவு பொறுப்பான பதில்!

ஒன்பதாம் வாரம் ஒரு புரோக்கர் வந்தார். இவர் மற்றவர்களைப் போல இல்லை. எங்களைப் பற்றி விசாரித்துவிட்டு வந்திருந்தார் என்று பிற்பாடு புரிந்தது. வந்தவர் கையில் சாவி இல்லை. தலைச்சுமையாக ஒன்றைத் தூக்கிவந்து மேஜையில் வைத்தார். மேஜை ஒரு முறை முனகியது.

"காரை அப்புறம் பாருங்க சார். முதல்ல இதைப் பாருங்க."

கோப்பு! நாடா கட்டிய கோப்பு! உள்ளே ரசீதுகள், சான்றுகள், கடிதங்கள், பதில் கடிதங்கள், பதிலுக்கு நினைவூட்டல்கள். சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை வருஷமாச்சு," என்றார்.

அன்று மாலை முழுவதும் சித்தப்பா அந்தக் கோப்பைச் சரிபார்த்தார். ஒவ்வொரு பக்கத்தின் வலது மேல் மூலையாக, ஒன்று முதல் நானூற்றுப் பன்னிரண்டு வரை, ஒரு எண்கூட விடுபடவில்லை, ஒரு எண்கூட இரண்டு முறை வரவில்லை. "குறை சொல்ல ஒண்ணுமே இல்லடா," என்று உறுதியளித்தார். நான் மேலட்டையில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

"முன்னாடி யார் வச்சிருந்தாங்க?" என்று கேட்கவும் தவறவில்லை.

"பெரிய இடம் சார். ரொம்ப ஒழுங்கான நிர்வாகம். ஒரு திருகாணி மாத்தினாக்கூட நாலு பேர் கையெழுத்து."

இதற்கு மேல் என்ன கேட்க இருக்கிறது?

மனைவி கோப்பைக் கையில் தூக்கிப் பார்த்தாள், குழந்தையின் எடை பார்ப்பதைப் போல.

"எங்க ஆஸ்பத்திரியில இவ்வளவு தடிமனா ஃபைல் இருக்கிறவங்களை நேரா தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் அனுப்புவாங்க."

"அக்கா, மனுஷன் வேற, மெஷின் வேற," என்றான் மைத்துனன்.

"அது தெரியுது. மனுஷனுக்கு நோய் வந்தா டாக்டரைக் கூப்பிடறோம். மெஷினுக்கு வந்தா உன்னைக் கூப்பிடறோம்."

அவள் பிடிவாதமாகக் கேட்டதால் மெக்கானிக்கையும் அழைத்தோம். அவர் வெளியே நின்ற வெள்ளைக் காரைப் பார்ப்பதற்கு முன்பே மேஜைமேல் இருந்த கோப்பைப் பார்த்துவிட்டார். இரண்டு விரலால் அதன் தடிமனை அளந்தார்.

"சார், இந்த ஒரு வண்டி எனக்குத் தெரிஞ்ச நாலு மெக்கானிக்குங்க வீட்டுக்கு மாடி கட்டிக் கொடுத்திருக்கும்."

இத்தனை குடும்பங்களை வாழவைத்த வண்டி என்பதை 'சிறப்புத் தகுதி' என்ற தலைப்பில் குறித்துக்கொண்டோம். மெக்கானிக் போனட்டைத் திறக்கக் கேட்டார். புரோக்கர் அதைத் திறக்கும் விசையைத் தேடினார், தேடினார், தேடிக்கொண்டே இருந்தார். நேரமாகிவிட்டதால் எஞ்சினுக்கு உரிய ஐந்து மதிப்பெண்ணையும், நேர்மையின் பொருட்டு இன்னும் ஒன்றையும் கழித்தோம். மீதி தொண்ணூற்று நான்கு! எங்கள் அலுவலகத்திலேயே எந்தக் கொள்முதலும் எண்பதைத் தாண்டியதில்லை.

கார் வாங்கப்பட்டது. மனைவி சாவியை வாங்கிக்கொண்டு, "முதல் தேதிக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கு," என்றாள். திட்டமிட்ட காலத்துக்கு முன்பே முடித்துவிட்டோம் என்று நான் அதைப் புரிந்துகொண்டேன்.

முதல் தேதி காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அவள் இஸ்திரி போட்ட வெள்ளை மேலங்கியை மடிப்புக் கலையாமல் பின் இருக்கையில் விரித்து வைத்தாள். நான் முன்னால், மடியில் கோப்புடன். வழியில் யாராவது எதையாவது கேட்டால் காட்ட வேண்டும் அல்லவா? புறப்படும் முன் அவள் மெக்கானிக்குக்குப் போன் செய்து, "அண்ணே, இன்னைக்குக் காலையில போனைக் கையிலயே வச்சுக்கங்க," என்றாள். குழுவின் மேல் எவ்வளவு அவநம்பிக்கை!

பதினெட்டாவது கிலோமீட்டரில் கார் இருமியது. பத்தொன்பதாவதில் போனட்டின் இடுக்கிலிருந்து வெள்ளையாக எதுவோ எழுந்தது. அடுத்த நிமிடம், மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் பங்க்கின் முன்னால், மிகவும் ஒழுங்காக, சாலையின் இடது ஓரம் ஒதுங்கி நின்றுவிட்டது. மணி ஆறு நாற்பது.

அவள் சாவியை மூன்று முறை திருப்பினாள். பிறகு ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவள் அழுதிருந்தால் எனக்குப் பழக்கமான ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை.

"ஆறு வருஷம்," என்றாள் ஸ்டியரிங்கிடம். "ஆறு வருஷம் காத்திருந்தேன்."

நான் கோப்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவள் போன் செய்தாள். இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு சின்ன நீல நிறக் கார் வந்து எங்கள் பின்னால் நின்றது. மெக்கானிக் இறங்கினார். குழு வேண்டாம் என்றதும் அவரே அதைத் தன் வீட்டுக்காரிக்காக வாங்கிவிட்டாராம்.

"நீங்க எடுத்துட்டுப் போங்க தங்கச்சி. இன்னும் இருபத்து மூணு கிலோமீட்டர். நேரம் இருக்கு, அவசரப்படாதீங்க. நான் இங்க இதைக் கட்டி இழுக்க வழி பார்க்கிறேன்."

"நானும் வரட்டுமா?" என்றேன்.

அவள் மேலங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, நீலக் காரின் இருக்கையை முன்னால் நகர்த்திக்கொண்டிருந்தாள். "நீங்க குழுத் தலைவர். வாங்கின பொருளை விட்டுட்டு வரலாமா?" என்றாள். கார் ஒரு முனகலும் இல்லாமல் கிளம்பி, வளைவில் மறைந்தது.

நானும் மெக்கானிக்கும் பெட்ரோல் பங்க்கின் சிமென்ட் மேடையில் உட்கார்ந்தோம். இழுத்துப்போகும் வண்டி வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். மெக்கானிக் போனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, நீண்ட பெருமூச்சு விட்டு, மறுபடி மூடினார்.

"என்ன கோளாறு?"

"எது கோளாறு இல்லைன்னு கேளுங்க சார், சீக்கிரம் சொல்லிடுவேன்." என் மடியைப் பார்த்தார். "சும்மாதானே இருக்கோம். அதையாவது படிங்களேன்."

புதுமையான யோசனைதான். நாடாவை அவிழ்த்தேன்.

முதல் பக்கம், ரேடியேட்டர் ஒழுகல். ஆறாம் பக்கம், ரேடியேட்டர் மாற்றம். பதினேழாம் பக்கம், மாற்றிய ரேடியேட்டர் ஒழுகல். நூற்று நாற்பதாம் பக்கம் வரை ரேடியேட்டரின் சரித்திரம். பிறகு கியர் பெட்டி தொடங்கியது. இருநூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில் ஒரு டிரைவரின் விண்ணப்பம்: 'ஐயா, எனக்கு இரண்டு சிறு பிள்ளைகள். தயவுசெய்து வேறு வண்டி தரவும்.' அதற்கு எதிரே பச்சை மையில் ஒரு குறிப்பு: 'விண்ணப்பத்துடன் பிள்ளைகளின் பிறப்புச் சான்று இணைக்கப்படவில்லை.'

எங்கோ பார்த்த நடையாக இருந்தது. எங்கள் துறையின் ஏதோ ஒரு கிளை அலுவலகம். வேகமாகப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன்.

பக்கம் 412. 'இவ்வாகனம் பழுதுபார்க்கும் நிலையைக் கடந்துவிட்டது. எவரையும் ஏற்றிச் செல்லத் தகாதது. ஏலத்தில் கழித்துவிடலாம்.' அதன் கீழே 'படித்துப் பார்த்து ஒப்புதல் அளிக்கப்பட்டது' என்று முத்திரை. முத்திரையின் மேல் கையெழுத்து. கடைசி எழுத்தை மேலே சுழித்து, அதன் கீழ் இரண்டு புள்ளி வைத்த, கம்பீரமான கையெழுத்து. போன வருடத் தேதி.

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "பரவாயில்லையே, உண்மையை எழுதியிருக்காங்களே. யார் சார் கையெழுத்துப் போட்ட புண்ணியவான்?"

நான் கோப்பை மூடினேன். அப்போது போன் அடித்தது.

"கையெழுத்துப் போட்டுட்டேங்க," என்றாள் மனைவி. மூச்சு வாங்கியது. பின்னால் யாரோ ஸ்டிரெச்சர் தள்ளும் சத்தம். "ஏழு ஐம்பத்திரண்டு. எனக்குப் பின்னாடியே பட்டியல்ல அடுத்த ஆள் வந்து நின்னுட்டிருந்தாங்க. பாவம், முகம் வாடிப் போச்சு. நீங்க என்ன பண்றீங்க?"

"ஃபைல் படிக்கிறேன்."



"இப்பவா?"

"கடைசிப் பக்கத்துல, இந்த வண்டி எதுக்கும் ஆகாது, யாரையும் ஏத்தக் கூடாதுன்னு எழுதி ஒருத்தர் ஒப்புதல் கொடுத்திருக்கார்."

"நல்ல மனுஷன்! யாருங்க அது?"

பதினெட்டு ஆண்டுப் பணியில் இவ்வளவு நேரடியான கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"நான்தான்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்றும் நினைத்தேன். இரண்டையும் செய்யாமல், நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கும் குரலில் கேட்டாள்.

"படிக்காமலா போட்டீங்க?"

"ஒரு நாளைக்கு அறுபது ஃபைல் வரும்மா..."

"நம்ம கல்யாணப் பதிவேட்டுலயும் அப்படித்தான் போட்டீங்களா?"

இந்தக் குற்றச்சாட்டை நான் முற்றிலுமாக மறுக்கிறேன். என் வாழ்நாளில் வரி விடாமல் முழுதாகப் படித்த ஒரே ஆவணம் அதுதான். பெயர், வயது, முகவரி, சாட்சிகள், தேதி, முத்திரை எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்த பிறகே பேனாவை எடுத்தேன். பதிவாளர் கொட்டாவியே விட்டுவிட்டார். அன்றைக்கு அந்தப் பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், என் முகத்தை மட்டும் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.